தையல் வேண்டாத துணி

சாந்தோம் கன்னிமாடத் தாழ்வாரத்தில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. நன்கொடையாக வந்த வெள்ளை மல் துணியில் ஷஃபியுல்லா குழந்தைச் சட்டைகள் தைத்துக்கொண்டிருக்கிறார். பிரிவினையில் புதிதாய் விழுந்த எல்லைக்கு அப்பால், லாகூர் அகதி முகாமுக்குப் போகிற இரண்டாவது சரக்கு இது. முதல் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இன்றுதான் திரும்பிய சிஸ்டர் லூர்துமேரி தூணோரம் நிற்கிறார். அங்கியின் ஓரத்தில் இன்னும் அந்த ஊர்ப் புழுதி. “கை நீளமா வெக்கட்டுமா சிஸ்டர்? அங்க குளிரு ஜாஸ்தின்றாங்களே.” சிஸ்டர் கடலையே பார்க்கிறார். “தைக்க வேணாம் பாய். துணியா வெட்டிக் குடுங்க, போதும்.” மிதிபலகையில் ஷஃபியுல்லாவின் கால் நின்றுவிடுகிறது. சக்கரம் மட்டும் தானாகச் சுற்றி ஓய்கிறது. தையல் படாத வெள்ளைத் துணியில்தான் அவருடைய வாப்பாவைப் பொதிந்து அடக்கம் செய்தார்கள். அலைச் சத்தம் தாழ்வாரம் வரை வந்து போகிறது. “ஆம்பளைக்கு மூணு துண்டு, பொம்பளைக்கு அஞ்சு,” என்கிறார் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு. “எல்லாம் பெரிய அளவாவே வெட்டிடட்டா?” சிஸ்டர் இல்லையென்று தலையசைக்கிறார். “சின்னதுதான் நிறைய வேணும் பாய்.” ஷஃபியுல்லா தைத்து முடித்த சட்டைகளில் ஒன்றை எடுத்து மடியில் விரித்து, தையலைப் பிரிக்கத் தொடங்குகிறார்.