இடப்பக்கம் இரண்டு விரல்

மாலை வெயில் பட்டறைக் கூரையின் ஓட்டைகள் வழியே இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் பழைய சின்னக் காரின் முதுகில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. பின்சக்கரத்துக்கும் அதன் மேல் வளையும் வண்டி விளிம்புக்கும் இடையே மெக்கானிக் விரல்களை நுழைத்துப் பார்க்கிறான். வலப்பக்கம் நான்கு விரல் போகிறது, இடப்பக்கம் இரண்டுதான். "டிக்கியில ஏதாவது இருக்கா சார்? வெறும் வண்டியாத்தான் பார்க்கணும்." கார்க்காரர் வாய் திறப்பதற்குள் அவன் டிக்கியைத் திறந்துவிடுகிறான். இடது மூலையில், தூசி படிந்த இரண்டு டைல்ஸ் பெட்டிகள். "இரும்பா கனக்குதே! வீட்டுல இன்னும் ஒட்டலையா?" எந்த நீலமும் நீலமே இல்லை என்று கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டு, கடைசியில் இந்த நீலத்தில் மனம் நின்றவள் அவர் மனைவி. "எடுத்தவ போய்ச் சேர்ந்துட்டா" என்கிறார். அவன் பெட்டிகளை இறக்கி, காரின் பின்பக்கத்தை அழுத்தி ஆட்டிவிட்டு, மறுபடி இடப்பக்கம் விரல் விடுகிறான். மூன்று. "இறக்கியும் முழுசா எழும்பல சார். ரொம்ப நாள் சுமந்திருக்கு, ஸ்பிரிங் படுத்துடுச்சு." "அந்த ஒண்ண மட்டும் மாத்திடுப்பா." "ஒண்ண மட்டும் மாத்தினா சரியா வராது. ஜோடியாத்தான் மாத்தணும்." கார்க்காரர் தலையாட்டுகிறார். பட்டறைக்குள் எங்கோ ஒரு ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழுந்து, துள்ளி, அடங்குகிறது. "ஸ்பிரிங் வர நாளாகும். அதுவரைக்கும் பெட்டி ரெண்டும் இங்கயே கிடக்கட்டுமே." "வேண்டாம்ப்பா" என்று குனிந்து, ஒரு பெட்டியைத் தூக்கி அதே இடது மூலையில் வைக்கிறார். டிக்கி விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிறார். பிறகு இன்னொன்றைத் தூக்கி, வலது மூலையில் வைக்கிறார்.