கைப்பக்குவம்

"துளசி, நீ ஒண்ணும் வருத்தப்படாத. தீபாவளிக்குக் கறிக்குழம்பு நானே வெச்சுக் கொண்டாந்துடறேன்" என்றாள் வாலாஜாபாத் நாத்தனார், போனில்.

துளசிக்குப் புரியவில்லை. "எதுக்கு அண்ணி? நான்தான் வெக்கிறேன்னு சொன்னேனே."

"அதான் காயத்ரி எல்லாம் சொல்லிட்டாளே. பரவால்ல விடு, எல்லாருக்கும் எல்லாமா வந்துடுது?"

"அக்கா என்ன சொன்னாங்க?"

நாத்தனார் கொஞ்சம் இழுத்தாள். "உன் குழம்ப வாய்ல வெக்க முடியலயாம். ரெண்டு நாள் வயித்து வலியாம் அவளுக்கு. நான் சொன்னேன்னு கேட்டுடாதம்மா."

துளசிக்குக் காது சுட்டது.

காயத்ரி மூத்த மருமகள். மாமியார் செல்லியம்மாளோடு கூரம் கிராமத்தில் இருப்பவள். இத்தனை வருஷமும் தீபாவளிக்குக் குடும்பமே அங்கேதான் கூடும். இந்த வருஷம் செல்லியம்மாள், "இனிமே தீபாவளி காஞ்சிபுரத்துல, சின்னவன் வீட்ல" என்று சொல்லிவிட்டாள். துளசியும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டாள்.

பத்தொன்பது பேர். வேலை பார்க்கும் லேபில் மூன்று நாள் லீவு சொல்லி, வெல்லம், பச்சரிசி, உளுந்து எல்லாம் வாங்கி அடுக்கி, என்றைக்கு எதை ஊறப்போடுவது என்று பேப்பரில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சரியான தூக்கமே இல்லை.

அதற்குள் இப்படி ஒரு பேர்.

புருஷன் குருவுக்குப் போன் போட்டாள். அவன் பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். தீபாவளி வாரம், பின்னால் ஒரே இரைச்சல்.

"காயத்ரி அண்ணி அப்படியெல்லாம் சொல்ற ஆளு இல்லம்மா."

"உங்க அக்காவே சொல்றாங்க."

"அப்ப நீயே அண்ணியக் கேளு. கஸ்டமர் நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டான்.

நல்ல நாள் அதுவுமா சண்டை எதற்கென்று துளசி கேட்கவில்லை. ஆனால் போன் நிற்கவில்லை. சாயங்காலம் குருவின் சித்தி பேசினாள், இட்லியும் சட்னியும் அவள் பொறுப்பாம். மறுநாள் செல்லியம்மாளே கூப்பிட்டாள்.

"அதிரசம் இங்கயே சுட்டு எடுத்தாந்துடறோம். வடைக்கு மாவும் அரைச்சு எடுத்தாரேன். நீ அடுப்பு கிட்டயே போவாத."

"எனக்கு நல்லாவே சமைக்க வரும் அத்தை."

"தெரியும் தெரியும். காயத்ரி சொல்லிக்கினுதான் இருக்கா."

துளசி பேப்பரைக் கிழித்துப் போட்டாள். தீபாவளியன்று எல்லார் எதிரிலும் ஒரு சட்டி குழம்பு வைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தாள்.

நடக்கவில்லை. விடிவதற்குள் மூன்று ஆட்டோ வந்து நின்றது. கேரியர், குண்டான், எவர்சில்வர் தூக்கு. குளித்து முடித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவதற்குள் சமையலறையில் நாலு பேர். துளசி கரண்டியை எடுக்க, மாமியார் அதை வாங்கி வைத்துவிட்டாள்.

"நீ போய் வாசல்ல பசங்களப் பாத்துக்க."

தேங்காய் திருவ ஆள் போதவில்லை என்று காயத்ரியின் புருஷன் கோதண்டபாணியே திருவினார். பாத்திரம் தேய்க்கிற வேலை குருவின் தலையில் விழுந்தது. குழம்பில் காரம் தூக்கல்தான், சட்னியில் உப்பு கம்மிதான். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி சமையலைக் குறை சொன்னால் அவள் நம் பாத்திரத்தைக் குறை சொல்வாளே.

துளசி முதல் பந்தியில் உட்கார்ந்தாள். சுடச்சுட இட்லி. பக்கத்து இலையில் காயத்ரி, ஒன்றுமே நடக்காததுபோல் நாலு வடையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். துளசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாடு என்னவோ இறங்கத்தான் செய்தது. மத்தியானம் பசங்களோடு சீட்டு விளையாடி இரண்டு ஆட்டம் ஜெயித்தாள். சாயங்காலம் பார்த்தால் பட்டுப்புடவையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

அவமானப்பட்ட நாள் இவ்வளவு நன்றாக இருந்தது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது செல்லியம்மாள் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். "அடுத்த வருஷமும் ஆளுக்கு ஒண்ணு கொண்டாந்துடுங்க. இந்தப் பொண்ண நம்பி உக்காந்துக்கினு இருக்க முடியாது."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

கேரியரை எடுக்க காயத்ரி உள்ளே வந்தாள். துளசி வழியை மறித்தாள்.

"என் கையால நீங்க சாப்பிட்டது ஒரே ஒரு வாட்டி. அதுவும் ஆடி மாசம். அன்னிக்குக் குழம்பு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கி ஊத்திக்கினீங்க. ஞாபகம் இருக்குதாக்கா?"

"இருக்குது."

"அப்புறம் ஏன் ஊர் பூரா அப்படிச் சொன்னீங்க?"

"அந்தக் குழம்பு அவ்ளோ நல்லா இருந்துது. அதான் பயந்துட்டேன்."

"பயமா? எதுக்கு?"

காயத்ரி ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நான் கட்டிக்கினு வந்த வருஷம் இதே மாதிரி ஒரு குழம்பு வெச்சேன். காயத்ரி கைப்பக்குவம் யாருக்கும் வராதுன்னாங்க. அதுலேந்து பதினேழு தீபாவளி, நான் அடுப்படிய விட்டு வெளிய வரல. ஒரு வருஷமாவது யாராவது என் சமையலக் குறை சொல்ல மாட்டாங்களான்னு காத்துக்கினே இருந்தேம்மா. ஒருத்தரும் சொல்லல."