பதில் வராத குகை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுசாக நம்பியதில்லை. எந்த இடம் இடிக்கிறது என்றும் தெரியவில்லை. கோணல் என் புத்தியில்தானோ என்று என்னையே கடிந்துகொண்டதும் உண்டு.

சொன்னவர் அழகுராஜா அண்ணன். போடியில் எங்கள் தெருக்காரர். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்.

ஒரு வருடம் ஏலக்காய்க்காரர்கள் சிலர் சேர்ந்து வியட்நாமுக்குச் சுற்றுலா போனார்கள். அண்ணனும் போனார், அவர் தங்கை அன்னக்கொடியின் புருஷன் திருப்பதியும் போனார். திருப்பதி மட்டும் உயிரோடு திரும்பவில்லை.

"பெரிய குகை தம்பி. உள்ளயே ஆறு ஓடுது. மேல எங்கயோ மழை போல. தண்ணி ஏறுது, வெரசா வெளிய வாங்கன்னு கைடு கத்துறான். பார்த்தா மாப்ளையைக் காணோம்."

"அப்புறம்?"

"குகை ரெண்டாப் பிரியுது. கைடு ஒரு பக்கம் ஓடினான், நான் ஒரு பக்கம் நுழைஞ்சேன். டார்ச்சு அணைஞ்சு போச்சு. 'மாப்ளே'ன்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. இன்னொருக்கா கூப்பிட்டேன். ம்ஹூம். என் குரலே திரும்பி வரல தம்பி! குகைன்னா எதிரொலிக்கணும்ல? எதுவோ வாயைத் தொறந்து முழுங்குன மாதிரி இருந்துச்சு. முதுகுக்குப் பின்னாடி மூச்சு விடுற சத்தம். ஓடியாந்துட்டேன்."

வந்தவர், 'அந்தப் பக்கம் ஆள் இல்லை' என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி விடிய விடிய மற்றப் பக்கத்திலேயே தேடியிருக்கிறார்கள். காலையில் திருப்பதியை எடுத்தது அண்ணன் நுழைந்த பக்கத்தில். கூப்பிடு தூரம்தான். கால் மட்டும் ஒடிந்திருந்தது. குளிரில் உயிர் போயிருந்தது.

"காதுல விழுந்திருந்தா கத்தியிருப்பாருல்ல? மயங்கிக் கெடந்திருப்பாரு" என்பார் அண்ணன், ஒவ்வொரு முறை சொல்லும்போதும்.

கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடிச்சேலையோடு அண்ணன் போனார். நடந்ததை அவர் வாயால் கேட்டிருந்த அன்னக்கொடி, சேலையைத் தொடாமல் கதவைச் சாத்திக்கொண்டது. பொங்கல், தீபாவளி என்று இன்றுவரை அவர் சீரோடு போய் வாசலில் நிற்பார். கதவு திறக்காது.

"கூடப் பொறந்தவனைப் பிச்சைக்காரன் மாதிரி நிறுத்துறாளே, இவள்லாம் பொம்பளையா?" என்று தெருவே பேசியது.

போன மாதம் அண்ணனோடு தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஜீப்பை விட்டு இறங்கியதுமே மஞ்சு மூடிவிட்டது. பக்கத்து ஏலச்செடி தெரியவில்லை.

"ஜக்கம்மா!" காய் எடுக்க வந்த பெண்ணை அண்ணன் கூப்பிட்டார்.

பதில் இல்லை.

"ஏ, ஜக்கம்மா!"

இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

"ஜக்கம்மா!"

"இந்தா இருக்கேன்யா!" கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் எழுந்து நின்றாள்.

"பக்கத்துலயே இருந்துக்கிட்டு, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"அவளைத் திட்டாத தம்பி" என்றார் அண்ணன். "இந்த மலையில பொறந்ததுக எல்லாமே அப்படித்தான். ஆள் தெரியாம குரல் வந்தா, மூணாவது தடவைக்குத்தான் வாயைத் தொறக்கும். மொத ரெண்டு தடவ காத்து கருப்பு கூடக் கூப்பிடுமாம். மூணாவது தடவ கூப்பிடுறது மனுசன் மட்டுந்தானாம்."

"நீங்க நம்புறீங்களா?"

"அட, நான் எங்க நம்புறது! மாப்ளைதான். அவரும் இங்க பொறந்தவருதான? வீட்டுல கரண்டு போனா, அடுத்த ரூமுல இருக்குற மனுசனை மூணு தடவ கூப்பிடணும். நானும் தங்கச்சியும் எவ்வளவு கேலி பண்ணியிருக்..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.



நான் கேட்டேன்: "அண்ணே, மூணாவது தடவை ஏன் கூப்பிடலை?"