புளிப்பு கொஞ்சம் ஜாஸ்தி

குடியிருப்புச் சங்கத்தின் ருசி பார்க்கும் விழா. சிறப்பு விருந்தினர்கள், டிவி சமையல் போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்து, கணவருக்குக் கடுமையான காய்ச்சல் என்று விலகிய தம்பதி.

கடைசி மேஜையில் சூப் பானையோடு நின்ற தையல்காரம்மா ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். எலுமிச்சம்பழத்தை அவளும் பிழிந்திருந்தாள். அவளுக்குத் தெரியாமல் அவள் கணவரும் பிழிந்து வைத்திருந்தார்.

“யாரு உங்களைப் பிழியச் சொன்னது? இப்ப மானம் போகப்போகுது!”

“பதறாதே. அங்க பாரு, அந்த டிவி அம்மாதான் ருசி பார்த்து வீட்டுக்காரர் காதுல ஓதுறாங்க. அவர் அதையே மைக்ல ஒப்பிக்கிறார்.”

“சரியான தலையாட்டி பொம்மை! அப்ப அவருக்கே முதல்ல கொடுத்துடறேன். அந்தம்மா நாக்குகிட்ட மாட்டினாத்தானே வம்பு?”

விருந்தினர்கள் வந்ததும் கிண்ணத்தை நேரே அவர் கையில் திணித்தாள்.

“இருங்க, முதல்ல நான்...” என்று மனைவி கை நீட்டுவதற்குள் அவர் குடித்துவிட்டார்.

அவர் முகம் சுருங்கியது. கண்கள் இறுக மூடிக்கொண்டன.

“புளிக்குது” என்றார்.

“மன்னிச்சுக்குங்க சார், கை தவறி...”

அவர் மனைவி தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

“அந்தக் காய்ச்சலோட இவருக்கு ருசியே போயிடுச்சும்மா. எட்டு மாசமா உப்பும் சர்க்கரையும் இவருக்கு ஒண்ணுதான். யார்கிட்டயும் சொல்லலை.”

அவர் காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

“இன்னொரு எலுமிச்சம்பழம் இருந்தா அதையும் பிழிங்கம்மா!”