பதினாலு பக்க மரணம்

“என்னைக் கொல்றதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்படித்தானே தம்பி?”

வாயருகே கொண்டுபோன காபியை இயக்குநர் கீழே வைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு அத்தனையும் ஒரே கேள்வியில் காற்றோடு போயிற்று.

“கொல்றதுன்னு இல்லம்மா... மூலக்கதையில இருக்கிற மாதிரி...”

“மூலக்கதையில நான் என்ன ஆகறேன்?”

“இறந்துடறீங்க.”

“அதைத்தானே நானும் சொன்னேன்!” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் தலையணை உறை மேல் இஸ்திரிப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தார்.

‘புயல்படை’ என்ற அனிமே கார்ட்டூன் தொடரில் கதாநாயகனின் அம்மாவுக்கு இருபத்திரண்டு வருடங்களாகக் குரல் கொடுப்பவர் அவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் காவலாளி முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் ‘அம்மா’தான். இப்போது அந்தத் தொடரை, அதன் மூலமான ‘மாங்கா’ என்ற ஜப்பானியப் படக்கதைப் புத்தகத்தில் உள்ளபடி முதலிலிருந்து புதிதாக எடுக்கப் போகிறார்கள். புத்தகத்தின் ஒன்பதாம் தொகுதியில் அம்மா செத்துப்போகிறாள். இவர் கோபித்துக்கொண்டு ஒரே ஒரு பேட்டி கொடுத்தால் போதும், ரசிகர்கள் புதுத் தொடரைப் பிறக்கும் முன்பே புதைத்துவிடுவார்கள். அதனால்தான் ஒப்பந்தத் தாளைக் கையில் கொடுத்து இயக்குநரை நேரில் அனுப்பியிருந்தார் முதலாளி.

“எனக்கு ஒண்ணு புரியல தம்பி. ஒன்பதாம் தொகுதியிலயே நான் போயிட்டேன்னா, ஆயிரத்துச் சொச்சம் எபிசோடு அவனுக்குச் சமைச்சுப் போட்டது யாரு? என் ஆவியா?”

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இயக்குநர் பாதி சிரித்தார். “அது டிவி கதைம்மா. அப்போ புத்தகம் மெதுவா வந்துச்சு, டிவி முந்திப் போயிடுச்சு. வேற வழியில்லாம டிவிக்காரங்களே கதை கட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் புத்தகத்துல அம்மா செத்தப்போ, இங்க உங்களைக் கொல்ல யாருக்கும் மனசு வரல.”

“சினிமாவுல?”

“ரெண்டு படத்துல உயிரோட இருக்கீங்க. மூணாவதுல நீங்க பிறக்கவே இல்ல.”

“வீடியோ கேம்ல?”

“அதுல நீங்க எதிரிப் படைத் தளபதி.”

“நல்ல குடும்பம்!”

“எல்லாம் தனித்தனிக் கதைம்மா. ஆனா அசல்னு பார்த்தா புத்தகம் மட்டும்தான்.”

“இருபத்திரண்டு வருஷமா இல்லாத அசல் இப்ப எங்கிருந்து முளைச்சுது?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல இயக்குநர் கொட்டித் தீர்த்தார். “எல்லாம் அந்த ‘மூலக்கதை வாத்தியார்’ பண்ற வேலை! இணையத்துல அப்படி ஒரு பேர்ல ஒரு ஆள். முகம் தெரியாது, ஊர் தெரியாது. டிவிக்காரங்க கதையைக் கெடுத்துட்டாங்க, புத்தகத்துல உள்ளபடி எடுன்னு மூணு வருஷமா கம்பெனி உயிரை வாங்கறான். அறுபதாயிரம் பேர்கிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பிட்டான். முதலாளியே ஆடிப்போயிட்டாரு. வேலைவெட்டி இல்லாதவன்மா!”

“ஐயோ பாவம்,” என்றார் அம்மாள்.

“சின்ன வயசுல நீங்க ‘சூடு ஆறதுக்குள்ள வா’ன்னு டிவியில கூப்பிட்டாத்தான், எங்க வீட்டுல நான் தட்டோட உட்காருவேன். இப்ப என் கையாலயே உங்களை...” என்றார் இயக்குநர்.

“அதை விடுங்க. அதைத் தவிர நான் வேற என்ன பேசியிருக்கேன், சொல்லுங்க பார்ப்போம்.”

“‘பத்திரமா போயிட்டு வா.’”

“அப்புறம்?”

“‘ஸ்வெட்டர் போட்டுக்கிட்டியா?’”

“அப்புறம்?”

இயக்குநர் கூரையைப் பார்த்தார், காபிக் கோப்பையைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் அகப்படவில்லை.

அம்மாள் உறையை மடித்து வைத்தார். “சரி, எப்படிச் சாகறேன்?”

“அணை உடையுதும்மா. ஊரையே மேட்டுக்கு அனுப்பிட்டு, மணி அடிச்சுக்கிட்டு நீங்க மட்டும் கோபுரத்துல நிக்கறீங்க. அக்கரையில மகன். பதினாலு பக்கம் நீங்கதான் அவன்கிட்ட பேசறீங்க. அழுகை, கோபம், சிரிப்பு, எல்லாம் இருக்கு. பயப்படாதீங்க, அவ்வளவு நேரம் உங்களைச் சிரமப்படுத்த மாட்டோம். ஒரே நிமிஷத்துல சுருக்கிடலாம்னு...”

“சுருக்கறதா?” இஸ்திரிப் பெட்டி நட்டுக்குத்தாக நின்றது. “கொல்றதுதான் கொல்றீங்க, ஒழுங்காக் கொல்லுங்க! பதினாலு பக்கமும் வரணும். ஒரு வரி வெட்டக் கூடாது. நானேதான் பேசுவேன், வேற சின்னப் பொண்ணு யாரையும் கூட்டிட்டு வரக் கூடாது. இதையெல்லாம் அந்தத் தாள்ல எழுதுங்க. அப்பத்தான் கையெழுத்து.”

இயக்குநர் பால்கனிக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டார். மறுமுனையில் கத்தல் கேட்டது, பிறகு பெருமூச்சு, பிறகு ‘சரி, எழுதித் தொலை.’ எழுதினார். அம்மாள் கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

தாளைப் பைக்குள் வைத்தபோது இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யாராவது என்றால் இந்நேரம் காபியைத் தலையில் ஊற்றியிருப்பார்கள்.

“பெரிய மனசும்மா உங்களுக்கு,” என்றார், வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே. “அந்த வாத்தியார் மட்டும் ஒருநாள் என் கையில கிடைக்கட்டும், அவன் விரலை ஒடிச்சுடறேன்!”

“நீங்க வேற எதுக்கு ஒடிக்கணும் தம்பி?” என்றார் அம்மாள், கதவைச் சாத்தப் போனவர் நின்று. “மூணு வருஷமா டைப் அடிச்சு, ஏற்கெனவே மடக்க முடியாம வலிக்குது எனக்கு.”