பலூன் பறக்கும் விடுப்பு விண்ணப்பம்

இரண்டாம் வகுப்புக் குழந்தைகளும் இனி விடுப்புக்குத் தாங்களே விண்ணப்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெரியவர்களின் அலுவலக மென்பொருளைக் குழந்தைகளின் கணினிக்கு ஏற்ப மாற்றும் புனிதப் பணி ஆவுடையப்பனுக்குக் கிடைத்தது. மூன்று மாதம் அலுவலகமே கதியென்று கிடந்து, எழுத்துகளைப் பெரிதாக்கி, பலூன்களைப் பறக்கவிட்டார். விடுப்புக் காரணங்களின் பட்டியலை மட்டும் தொடவில்லை. குழந்தைகள்தானே, யார் அதையெல்லாம் படிக்கப்போகிறார்கள்!

முதல் நாளே அவர் கைபேசியில் பலூன்கள் பறந்தன: “செல்லக்குட்டி மிருதுளாவின் தந்தை மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்! மூன்று நாள் லீவு!”

மகள் மிருதுளாவுக்குப் போன் போட்டார். “ஏம்மா, அப்பா செத்துட்டதாவா போட்ட?”

“சாவுக்குத்தான் மூணு நாள் குடுக்குதுப்பா.”

“அதுக்கு நான்தான் கெடச்சேனா?”

“அம்மா பேரப் போட்டா மாட்டிக்குவேன். அவங்கள டெய்லி ஸ்கூல் கேட்ல மிஸ் பாக்குறாங்க. உங்கள அங்க யாரும் பாத்ததே இல்லையேப்பா.”