அடக்கத்துக்கு மட்டும் வாசித்த மெட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆராதனைக்குப் போட்டுப்போன தொப்பியைக்கூடக் கழற்றாமல் வெர்லீன் சமையலறை மேசையில் உட்கார்ந்து வானொலியை முறைக்கிறாள். எதிரே தம்பி ஹோலிஸ் சோளரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான். பாஞ்சோ என்ற தந்திவாத்தியம் வாசித்து ஊர் மறந்துபோனவர்களைப் பற்றிய ஒலிநாடகத்தில் இன்று இந்த அக்கா தம்பியின் அப்பாவுடைய முறை. எவனோ ஒரு நடிகன் அப்பாவாக இருமுகிறான். ஜன்னல் வெயிலில் பீன்ஸ் சட்டியின் ஆவி நெளிகிறது. நாடகத்தில் ஒரு நடனக்கூடம் வருகிறது. கைதட்டல், கோப்பைகளின் சத்தம், பெண்களின் சிரிப்பு, அதற்கு நடுவே பாஞ்சோ எழும்புகிறது. வெர்லீனின் கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. அது அப்பா சவக்குழி ஓரத்தில் மட்டும் வாசித்த மெட்டு. வாசித்து முடித்ததும் தந்திகளைத் தளர்த்திவிடுவார், அதே சுருதியில் இன்னொரு பாட்டு ஏறக்கூடாதென்று.

“இதுக்கா ஆட்டம் போடுறானுங்க? நம்ம தங்கச்சி டெல்சியைப் புதைச்சப்ப வாசிச்சதுடா இது!”

“பட்டணத்து ஆளுங்கக்கா. ஏதாவது பழைய இசைத்தட்டுல பிடிச்சிருப்பானுங்க.”

“அப்பா இதை எந்தத் தட்டுலயும் பதிய விட்டதில்லையே.”

“சாப்பிடுக்கா, ஆறிப்போகுது.”

மெட்டு திரும்பி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு சுரம் விழாமல் போகிறது. அப்பா வாசிக்கையில் அந்த இடம் நிறைந்திருக்கும். நாடகக்காரர்கள் அந்தப் பள்ளத்தையும் பயபக்தியோடு கற்றுக்கொண்டிருக்கிறார்கள். வெர்லீன் வானொலியை விட்டுவிட்டு, அப்பாவிடம் பாஞ்சோ கற்று, பிறகு மரம் அறுக்கும் ரம்பத்துக்கு மோதிரவிரலைப் பறிகொடுத்த தம்பியின் இடக்கையைப் பார்க்கிறாள். அவன் அதை மெதுவாக மேசைக்கு அடியில் இறக்குகிறான்.